பார்ப்பதிலும் நீதி உண்டு



பறவையைப் படம் பிடிப்பதில் என்ன குற்றம்? சுடுவதுமில்லை, வலை விரிப்பதுமில்லை. ஓர் இறகும் குறைவதில்லை. ஆகையால் இதில் நன்மை தின்மை என்ற பேச்சுக்கே இடமில்லை என்று பலர் எண்ணுவர். சற்று யோசித்துப் பாருங்கள்.

கோடியக்கரை 1967-ல் சரணாலயமாக்கப்பட்டது. குளிர்காலத்தில் அங்கே உள்ளான்களும் பூநாரைகளும் ஆழமில்லாத நீரில் இரை தேடி நிற்கும். காற்றடங்கிய விடியலில் ஒவ்வொன்றின் காலடியிலும் அதன் பிரதிபிம்பம் தலைகீழாய்த் தோன்றும். பார்வை சாய்வாக விழ விழ நீர் அதிக வெளிச்சத்தைத் திருப்பியனுப்புவதால், கரையில் தாழ்ந்து படுத்துப் பார்ப்பவனுக்கே அது தெளிவாய்த் தெரியும். நம் கண்ணுக்கு நேரே தெரியாத அடிவயிற்றையும் அது காட்டும்.

ஆனால் கூட்டம் பறந்தெழும் காட்சி வேண்டுமென்று கைதட்டுவோரும் கல்லெறிவோரும் உண்டு. பூநாரை நின்ற இடத்திலிருந்தே பறந்துவிடாது. நீரில் ஓடித்தான் எழும்பும். உள்ளானோ திரும்பும் நெடும் பயணத்திற்கென்று உடலில் கொழுப்பைச் சேர்க்கிறது. நாம் மூட்டும் ஒவ்வொரு பயமும் அந்தச் சேமிப்பைக் கரைக்கிறது. இறகைத் தொடாமலே இரையைத் திருடுகிறோம்.

"பறவைதானே?" என்பீர்களோ? எதிர்த்துக் கேட்க இயலாதவரிடத்தில் நடந்துகொள்வதிலேதான் நம் நீதி வெளியாகும். துக்க வீட்டில் அழுகிறவள் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டுவதும் இதே குற்றந்தான்.

ஆதலால் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: பறவை இரையை விட்டுத் தலை நிமிர்ந்தால், ஓரடி பின்வாங்கு. படம் போனால் போகட்டும்.