‘இன்னும் பத்து நாள்’ என்று குதிரையிடம் எப்படிச் சொல்வது?

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு பிசியோதெரபி செய்த அண்ணன், காலை மடக்கும்போதெல்லாம் “இன்னும் அஞ்சு எண்ணுங்க சார், அவ்ளோதான்” என்பார். அந்த அஞ்சு சுத்தப் பொய். எட்டு, ஒன்பது வரை போகும். ஆனாலும் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் பல்லைக் கடித்தேன். இந்த வலி எதற்காக என்பது எனக்குத் தெரியும். காலை நீட்டி உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான் பார்பரோவைப் பற்றிப் படித்தேன்.

2006 மே 6 அன்று கென்டக்கி டெர்பியில் ஜெயித்த குதிரை. இரண்டே வாரத்தில், பிரீக்னஸ் பந்தயத்தில், அதன் வலது பின்னங்கால் நொறுங்கியது. இப்படி உடைந்தால் பெரும்பாலும் ஊசி போட்டு முடித்துவிடுவார்கள். பார்பரோவை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். டீன் ரிச்சர்ட்சன் என்ற மருத்துவர் உலோகத் தகடு வைத்து 27 திருகுகளால் எலும்பைச் சேர்த்தார். பிறகு அதை ஒரு மிதவையில் கட்டி, நீச்சல்குளத்தில் இறக்கித்தான் மயக்கம் தெளியவைத்தார்கள். ஏனென்றால் 1975இல் ரஃபியன் என்ற குதிரை, ஆபரேஷன் முடிந்து விழித்ததும் கால்களை உதறி உதறிப் போட்ட கட்டையே உடைத்துக்கொண்டது. அதைக் கொல்ல வேண்டிவந்தது. யாராவது அதனிடம் “அசையாம படு” என்று சொல்ல முடிந்திருந்தால்!

குதிரையை வாரக்கணக்கில் படுக்கவைக்கவும் முடியாது. ஐந்நூறு கிலோ உடம்பு. அது நின்றாக வேண்டும். ஒரு கால் வலித்தால் பாரம் எதிர்க்காலுக்குப் போகும். அந்தக் காலில், எலும்பைக் குளம்போடு பிடித்துவைத்திருக்கும் மெல்லிய திசுக்கள் வீங்கிப் பிய்ய ஆரம்பிக்கும். லாமினைட்டிஸ் என்கிறார்கள். ஜூலையில் பார்பரோவின் இடது பின்னங்காலுக்கு அது வந்தது. குளம்பின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். அப்படியும் ஆகஸ்டில் வெளியே போய்ப் புல் மேய்ந்தது. உடைந்த கால் ஏறக்குறைய கூடிவிட்டது. ஜனவரியில் முன்னங்கால்கள் இரண்டுக்கும் அதே நோய். 2007 ஜனவரி 29 அன்று கருணைக்கொலை செய்தார்கள். அதைக் கொன்றது உடையாத கால்கள்.

இந்த எட்டு மாதம் தப்பா? நண்பன் ஒருவன் சொன்னான்: “அதுக்கு நாளைன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாதுடா. அப்புறம் நாளைக்காக அதுக்கு ஏன் இன்னைக்கு வலிக்கணும்?” பதில் சொல்ல ரொம்ப நாள் ஆனது. அவன் சொல்வது சரியென்றால், குதிரையைக் கொல்வதிலும் நஷ்டமில்லை என்றாகிவிடும். அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: நாளையைக் காட்டிக் குதிரையிடம் கடன் வாங்க முடியாது. அன்றைய கணக்கு அன்றைக்கே தீர வேண்டும். தீவனம் தின்கிறதா, காது எப்படி இருக்கிறது, பாரத்தைக் கால் மாற்றி மாற்றி வைக்கிறதா என்று தினமும் பார்ப்பதுதான், சம்மதம் கேட்பதற்கு மிக அருகில் நாம் போகக்கூடிய இடம். பார்பரோ அவஸ்தையில்லாமல் இருக்கும்வரைதான் சிகிச்சை என்று அதன் உரிமையாளர்கள் சொல்லிவந்தார்கள். அந்த மட்டில் அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

எனக்கு அதிகம் உறுத்துவது, இவ்வளவு பிரபலமாகாத சிகிச்சைதான். பந்தயக் குதிரைகளுக்கு முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண் கிழிவது சகஜம். ஆற ஒன்பது மாதம், ஒரு வருடம்கூட ஆகும். முதலில் லாயத்திலேயே அடைப்பு. பிறகு கயிற்றைப் பிடித்து ஐந்து நிமிட நடை, அப்புறம் பத்து. நடுநடுவே ஸ்கேன். சிக்கல் என்னவென்றால், தசைநாண் கூடுவதற்கு வெகு முன்பே வலி போய்விடும். குதிரைக்கு அத்தோடு காயம் முடிந்தது. அது துள்ளும், கதவை உதைக்கும். சில சமயம் மயக்க மருந்து கொடுத்துத்தான் அடக்குகிறார்கள். தான் நன்றாக இருக்கிறோம் என்று அது உணரக்கூடாது என்பதற்காக மருந்து!

இதையும்கூட ஒத்துக்கொள்வேன், முடிவில் அது ஒரு புல்வெளிக்குப் போகும் என்றால். ஆறிய தசைநாண் தழும்புத் திசு. பழைய நெகிழ்வு திரும்பாது. அதே வேகத்தில் ஓடினால் மறுபடி கிழியும் வாய்ப்பு அதிகம். தெரிந்தும் பல குதிரைகளை அதே மைதானத்துக்குத்தான் அனுப்புகிறார்கள்.

கடைசி நாள் பிசியோ அண்ணன் என் முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “திரும்ப ஃபுட்பால் ஆடுவீங்களா சார்?” என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.