பத்தாயிரம் உடன்பிறப்புகள்

கர்ட் வானகட்டின் நாவல்களில் உலகம் அடிக்கடி அழிகிறது. ஒன்றில் கடலெல்லாம் பனிக்கட்டியாக உறைகிறது. இன்னொன்றில் ஒரு நகரம் ஒரே இரவில் எரிகிறது. சிரித்துக்கொண்டே படித்துப் புத்தகத்தை மூடிய பிறகு மனதில் தங்குவது அழிவல்ல. ஓர் அக்கா, ஓர் அண்ணன், ஒரு சித்தப்பா. அவரை அரசியல் நையாண்டிக்காரர் என்கிறார்கள். எனக்கு அவர் வழிதவறி அரசியலுக்குள் வந்துவிட்ட குடும்பக் கதைக்காரராகவே தெரிகிறார்.

*

வானகட்டின் முன்னோர் ஜெர்மானியர். 19ஆம் நூற்றாண்டில் இண்டியானாபோலிஸுக்கு வந்து இரும்புச் சாமான் கடை வைத்துச் செழித்தவர்கள். முதல் உலகப்போர் வந்ததும் அமெரிக்காவில் ஜெர்மன் என்றாலே வெறுப்பு. அதனால் 1922இல் பிறந்த கடைசிப் பிள்ளைக்குப் பெற்றோர் வீட்டு மொழியைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தப் பிள்ளை 22 வயதில் அமெரிக்கச் சிப்பாயாகப் போய் ஜெர்மானியரிடம் பிடிபட்டான். அதற்குச் சில மாதம் முன்பு, 1944 மே மாதம், விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்தபோது அன்னையர் தினத்தையொட்டித் தாய் தூக்க மாத்திரைகளால் இறந்திருந்தாள். கைதியாக அவனை டிரெஸ்டனுக்குக் கொண்டுபோனார்கள். 1945 பிப்ரவரி 13 இரவு பிரிட்டிஷ் விமானங்களும், விடிந்தபின் அமெரிக்க விமானங்களும் அந்த நகரத்தின் மேல் குண்டு வீசின. ஒரு கசாப்புக் கூடத்தின் நிலவறையில் கைதிகள் பிழைத்தார்கள். வெளியே வந்ததும் பிணங்களைத் தோண்டியெடுக்கும் வேலை கொடுத்தார்கள்.

பாட்டன் பூட்டன் விட்டுவந்த நாட்டில், தன் தரப்பு விமானங்களுக்கே தப்பிப் பிழைப்பது! இதற்குமேல் நையாண்டியாக எதைக் கற்பனை செய்வது? இதை வைத்து எழுதிய நாவலான 'ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்' வெளிவர 1969 ஆயிற்று. அதில் வரும் 1,35,000 சாவு என்ற கணக்கு தவறு. ஜெர்மன் வரலாற்றாய்வாளர் குழு 2010இல் அதிகபட்சம் 25,000 என்றது. நாவலுக்கு இதனால் குறைவில்லை. நாவலைப் புள்ளிவிவரமாக எடுத்துக்கொண்டு வாதாடியவர்களுக்குத்தான் சங்கடம்.

*

1958 செப்டம்பர். அக்கா ஆலிஸ் புற்றுநோயில் மருத்துவமனையில் கிடக்கிறாள். கணவர் போன ரயில், நியூஜெர்சியில் திறந்திருந்த பாலத்திலிருந்து நியூவார்க் விரிகுடாவுக்குள் விழுந்தது. வீட்டார் செய்தியை மறைக்கப் பார்த்தார்கள். இன்னொரு நோயாளி கொடுத்த பேப்பரில் அவளே படித்துவிட்டாள். ஓரிரு நாளில் அவளும் போனாள். நான்கு பையன்களில் பெரியவர்கள் மூவரை வானகட் வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். ஏற்கெனவே மூன்று பிள்ளைகள், ஆக ஆறு. புகழும் பணமும் வராத காலம். அவர் எழுதினார்; வீட்டைச் சுமந்தது மனைவி ஜேன்.

இத்தனை நாளும் தான் எழுதியது அக்கா ஒருத்தி படிப்பதற்காகத்தான் என்று பின்னாளில் சொன்னார். அவளிடம் சொன்னதில்லை.

*

1970 ஜனவரி. நைஜீரியாவிலிருந்து பிரிந்த பயாஃப்ரா பட்டினியில் செத்துக்கொண்டிருந்தது. வானகட் போய்ச் சில நாள் இருந்தார். அவர் திரும்பிய கொஞ்ச நாளில், 15ஆம் தேதி, அப்படியொரு நாடே இல்லாமல் போயிற்று. உலகம் பார்த்தது எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்களை. அவர் தன் கட்டுரையில் வியந்து எழுதியது பயாஃப்ராவின் இக்போ மக்களுடைய பெருங்குடும்பங்களை. அகதிகளைத் தாங்கியது அரசாங்கமில்லை, சொந்தபந்தம். யாரைக் கல்லூரிக்கு அனுப்புவது, யாரைப் போருக்கு அனுப்புவது என்பதைக் குடும்பமே கூடி வாக்கெடுத்து முடிவுசெய்ததாம்.

ஆறு வருடம் கழித்து வந்த 'ஸ்லாப்ஸ்டிக்' நாவலில் அது தேர்தல் வாக்குறுதியாகிறது. தனிமையை ஒழிப்பேன் என்று சொல்லி வில்பர் ஸ்வெய்ன் ஜனாதிபதியாகிறார். கம்ப்யூட்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு நடுப்பெயர் வழங்குகிறது: பூ, பழம், பறவை, உலோகம் என்று ஏதோ ஒன்று, கூட 1 முதல் 20க்குள் ஓர் எண். ஜனாதிபதி 'டாஃபடில்-11'. பெயரும் எண்ணும் பொருந்தினால் உடன்பிறப்பு. பெயர் மட்டும் பொருந்தினால் ஒன்றுவிட்ட உறவு. ஆளுக்கு 10,000 உடன்பிறப்புகள், 1,90,000 ஒன்றுவிட்டவர்கள். தொண்டர்களை 'உடன்பிறப்பே' என்று கடிதத்தில் அழைத்த தலைவரைக் கண்டவர்கள் நாம்; இதில் பாதி நமக்குப் புதிதில்லை. உறவு குலுக்கலில் விழுகிறது என்பதுதான் புதிது.

பயாஃப்ராவில் வானகட் சந்தித்தவர்களில் இக்போ நாவலாசிரியர் சினுவா அச்செபேயும் ஒருவர். அச்செபேயின் 'நோ லாங்கர் அட் ஈஸ்' 1960இல் வந்தது. அதில் ஊர்ச் சங்கம் பணம் திரட்டி ஓர் இளைஞனை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்புகிறது. அவன் காதலிப்பது 'ஓசு' என்று பரம்பரையாக ஒதுக்கப்பட்டவர்களின் பெண்ணை. பணம் கொடுத்த சங்கத்தின் தலைவரே அவளைச் சாடைபேசுகிறார். நான் உயிரோடிருக்கும்போது அவளைக் கட்டினால் செத்துப்போவேன் என்கிறாள் தாய், கிறிஸ்தவ வீட்டுத் தாய். கல்யாணம் நடக்கவில்லை.

பெருங்குடும்பம் என்றால் இரண்டும் சேர்த்துத்தான். விருந்தாளியாகப் போன வானகட்டின் மனதைத் தொட்டது அரவணைப்பு; வாசலில் நிறுத்தப்பட்டவர்களை அச்செபே உள்ளிருந்து பார்த்தார். எந்த வாசல், எவ்வளவு தூரம் என்று நமக்கும் விளக்கவேண்டியதில்லை. ஆனால் கட்டுரை எழுதிய வானகட்டைவிட நாவல் எழுதிய வானகட் விவரமானவர். உறவைப் பிறப்பின் கையில் கொடுக்கவில்லை, கம்ப்யூட்டரிடம் கொடுத்தார். கோமாளித்தனமாகத் தெரியும் அந்த இடம்தான் நாவலிலேயே கடுமையான அரசியல்.

*

ஆறு பிள்ளைகளின் வீட்டைவிட்டு 1970களின் தொடக்கத்தில் வானகட் நியூயார்க் போய்விட்டார். 1979இல் ஜேனுடன் மணமுறிவு. மகன் மார்க் மனநோயில் விழுந்து மீண்டு, 1975இல் அதைப் புத்தகமாக எழுதி, பிறகு குழந்தை மருத்துவரானார். கையிலிருந்த குடும்பம் கலைந்துகொண்டிருந்தபோதுதான் நாடு தழுவிய குடும்பத்தை எழுதியிருக்கிறார். பாசாங்கு என்று ஒருவர் சொல்லலாம். பட்டினி கிடந்தவன் சமையல் குறிப்பு எழுதியிருக்கிறான் என்பது என் கட்சி.

*

82 வயதில், ஈராக் போர் நடந்துகொண்டிருந்தபோது, 'எ மேன் வித்அவுட் எ கன்ட்ரி' புத்தகம் வந்தது. அதிலும் தேசத்தைத் திட்டியதைவிட, தன் மாநிலத்துக்காரரான யூஜின் டெப்ஸை நினைவூட்டியதுதான் எனக்குப் பிடித்தது. ஐந்துமுறை ஜனாதிபதித் தேர்தலில் நின்ற சோசலிஸ்ட். முதல் உலகப்போரை எதிர்த்துப் பேசியதற்காகச் சிறையிலிருந்தபடியே 1920இல் 9 லட்சத்துக்குமேல் வாக்கு வாங்கினார்.

*

1981இல் வானகட் தன் புத்தகங்களுக்குத் தானே மதிப்பெண் போட்டார். 'ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்' ஏ பிளஸ். 'ஸ்லாப்ஸ்டிக்' டி. அந்த டியை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கதை ஆங்காங்கே தொய்கிறது என்பது உண்மை, பி தாராளமாகத் தரலாம். வானகட்டைப் படித்தேயிராதவர்கள் இதில் தொடங்கவேண்டாம். இரண்டாவதாக எடுங்கள், முன்னுரையைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.