வாசல் விளக்கின் முகம்

வாசலில் மாட்டும் விளக்குகள் இரண்டு விதம். வருபவனுக்காக எரிவது ஒன்று. வருபவன் மேல் எரிவது இன்னொன்று. இரண்டுக்கும் பல்பு ஒன்றாக இருக்கலாம். மாட்டிவிட்டுப் போகிற எலெக்ட்ரீஷியனும் ஒருவராகவே இருக்கலாம். வித்தியாசம் விளக்கின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில் இருக்கிறது. இதை வெறும் பாதுகாப்புப் பிரச்னை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு மனிதன் யாரென்று தெரிவதற்கு முன்பே அவனை நான் என்னவாகப் பாவிக்கிறேன் என்ற கேள்வி இதில் இருக்கிறது. தெரிந்தவர்களிடம் நாம் நடந்துகொள்வது பெரும்பாலும் பழக்கம், உறவு, கொடுக்கல் வாங்கல். அறம் என்பது பரிசோதிக்கப்படுவது தெரியாதவனிடத்தில்தான்.

வெளிச்சம் என்றால் ஞானம், இருட்டு என்றால் அறியாமை என்ற சமன்பாட்டை நம் கவிஞர்கள் இன்னும் கைவிட்டபாடில்லை. இந்த உருவகம் ஒரு விஷயத்தை மறைத்துவிடுகிறது: விளக்கு யார் கையில் இருக்கிறது என்பதை. 1667இல் பாரிஸ் நகரத்துத் தெருக்களில் லாந்தர்களைத் தொங்கவிட ஏற்பாடு செய்தவர் லா ரெய்னி. அவ்வாண்டுதான் புதிதாக உண்டாக்கப்பட்ட போலீஸ் தலைமைப் பதவிக்கு வந்தவர் அவர். வெளிச்சம் அந்நகரத் தெருக்களுக்குப் போலீஸின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. 1830 ஜூலைப் புரட்சியில் ஜனங்கள் தெரு லாந்தர்களை உடைத்தார்கள். ஞானத்தின் மேல் அவர்களுக்கு விரோதம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

உடனே நம் பழைய திண்ணையை நினைத்து ஏங்கத் தொடங்குவது சுலபம். மாடத்தில் அகல், திண்ணையில் வழிப்போக்கன், சொம்பில் தண்ணீர். அந்த அகல் எல்லோருக்கும் எரியவில்லை. திண்ணை இருக்கட்டும், அந்தத் தெருவுக்குள்ளேயே வரமுடியாதவர்கள் இருந்தார்கள். சந்தேகத்தைச் சட்டமாக்கியதும் நடந்திருக்கிறது. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் கைரேகைச் சட்டம். பதிவு செய்யப்பட்ட ஆண்கள் இரவில் போலீஸ் ஸ்டேஷனிலோ குறிப்பிட்ட பொது இடத்திலோ போய்ப் படுக்க வேண்டியிருந்தது. 1947இல் இங்கே அது ரத்தாகும் வரை, ஒருவன் சந்தேகத்துக்கு ஆளாக எதையும் செய்திருக்க வேண்டியதில்லை. பிறந்திருந்தால் போதும், இருட்டியிருந்தால் போதும்.

இந்தச் சரித்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இன்று எலெக்ட்ரிகல் கடையில் விற்கிற சென்சார் விளக்கு ஒரு விதத்தில் நேர்மையானது. அதற்கு ஜாதி தெரியாது. சூடு மட்டும் தெரியும். மனித உடல் சுமார் 9, 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி அகச்சிவப்புக் கதிரை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. விளக்கின் அடியிலுள்ள பிளாஸ்டிக் லென்ஸ் எதிரே இருக்கும் வெளியைப் பல துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குச் சூடு நகர்ந்தால் விளக்கு எரியும். திருடனும் பால்காரரும் தெருநாயும் அதற்கு ஒன்று. அசையாமல் நிற்பவன் அதைப் பொறுத்தவரை இல்லாதவன். குறுக்கே போகிறவனைச் சட்டென்று கண்டுகொள்ளும். நேராகத் தன்னை நோக்கியே வருகிறவனிடம் சற்று மந்தம். கத்திரி வெயில் காலத்து முன்னிரவுகளில், காற்றின் சூடு உடல் சூட்டை நெருங்கும்போது, மனிதனைச் சூழலிலிருந்து பிரித்தறியும் சக்தி அதற்குக் குறைந்துபோகிறது. ஆக, பொறி யாரையும் சந்தேகிப்பதில்லை. சந்தேகம் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பவனிடம் இருக்கிறது.

இவ்வகை விளக்குகளில் பெரும்பாலும் மூன்று சிறிய திருகுகள் இருக்கும். இரவு எப்போது தொடங்குகிறது என்பதை ஒன்று தீர்மானிக்கும். எவ்வளவு நேரம் எரிவது என்பதை ஒன்று. எவ்வளவு தூரத்து அசைவுவரை கணக்கில் கொள்வது என்பதை ஒன்று. மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. காம்பவுண்டுக்குள் வருகிற அசைவுக்கு விளக்கு எரிந்தால் அது என் வீட்டைப் பற்றியது. தெருவில் போகிறவனுக்கெல்லாம் எரிந்தால், பொதுவான தெருவை என் முற்றமாக்கிக்கொண்டேன் என்று அர்த்தம்.

கழிப்பறை இல்லாத வீட்டுப் பெண்களுக்கு விடியுமுன் இருட்டுதான் சுவர். புறம்போக்கை ஒட்டிப் புது வீடு கட்டியவர் மதில்மேல் ஒரு ஃப்ளட்லைட்டை வெளிப்பக்கமாகத் திருப்பிவைத்தால், ஒரே இரவில் அந்தச் சுவர் இடிந்துபோகிறது. லாரி வெளிச்சம் பட்டால் எழுந்து நிற்கலாம், லாரி போய்விடும். இந்த விளக்கு போவதில்லை. இதே பெண்கள் தாங்கள் நடந்துவருகிற பாதைக்குத் தெருவிளக்கு கேட்டு மனுவும் கொடுப்பார்கள். இதில் முரண்பாடு ஏதும் இல்லை. அவர்கள் கேட்டது தாங்கள் பார்ப்பதற்கான வெளிச்சம். கிடைத்தது தாங்கள் பார்க்கப்படுவதற்கான வெளிச்சம்.

மறுபக்கமும் உண்டு. காலி மனைகளுக்கு நடுவே தனியாகக் குடியிருக்கும் வயோதிகத் தம்பதியின் பயம் நிஜமானது. அதைப் பரிகசிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு விளக்கு எவ்வளவு மருந்து என்பது நிச்சயமாக இல்லை. 2016இல் நியூயார்க்கின் அரசுக் குடியிருப்புகளில் விளக்குக் கோபுரங்களை நிறுத்திப் பார்த்தபோது வெளியே நடக்கும் இரவுக் குற்றங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தன. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 62 உள்ளாட்சிகளின் விவரங்களை ஆராய்ந்து 2015இல் வெளியான முடிவோ, தெருவிளக்குகளை மங்கலாக்கியதாலும் அணைத்ததாலும் குற்றம் பெருகியதற்குச் சான்றில்லை என்றது. இரண்டும் பொது விளக்குகளைப் பற்றியவை. தனி வீட்டு விளக்குக்கு இதைவிட நிச்சயம் கோர முடியாது. பயத்தைத் தணிப்பதும் ஆபத்தைக் குறைப்பதும் ஒன்றல்ல.

நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கியில் பெட்டக அறைக்கு இரண்டு சாவிகள். இரண்டு பேர் வந்தால்தான் திறக்கும். அதுவும் அவநம்பிக்கைதான். ஆனால் யாரும் அவமானப்படுவதில்லை. காரணம், அது மானேஜரையும் சேர்த்தே சந்தேகிக்கிறது. விதித்தவனையும் கட்டுகிற அவநம்பிக்கை விதியாகிறது; மற்றவனை மட்டும் கட்டுவது அதிகாரம். வாசல் விளக்குக்கும் இந்த அளவுகோலையே வைக்கலாம் என்று தோன்றுகிறது. வருபவன் முகத்தில் விழும் வெளிச்சம் கதவைத் திறப்பவன் முகத்திலும் விழுகிறதா?

விழும்படி பொருத்துவது கஷ்டமும் அல்ல. ஏழெட்டு அடி உயரத்தில், மேலும் பக்கமும் மூடி, தரையைப் பார்த்து, படிக்கும் நிலைக்கும் நடுவே, மஞ்சள் சாயலில் ஒரு சிறு விளக்கு போதும். கண்ணைக் கூசவைக்கும் விளக்கு வீட்டுக்காரனுக்கே துரோகம் செய்கிறது. அதைப் பார்த்துச் சுருங்கின கண்ணுக்கு அப்பாலிருக்கும் இருட்டு இன்னும் அடர்த்தியாகிறது. அங்கே ஒருவன் நின்றாலும் தெரியாது. தணிந்த விளக்கில் இருவருக்கும் இருவரும் தெரிகிறார்கள்.

இருட்டுக்குள் நின்று 'யாரது?' என்று குரல் கொடுப்பவன் தன்னையும் கொஞ்சம் காட்டிக்கொடுக்கிறான். உள்ளே ஆள் இருப்பதும், வயதும், பயமும் அந்தக் குரலிலேயே தெரிந்துவிடும். கேட்பவனுக்கும் அதில் நஷ்டம் இருந்தது. அந்த நஷ்டம் இல்லாமலே கேட்க முடிகிற வசதியைத்தான் மதில்மேல் விளக்கு விற்கிறது. வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டிய விலை அது.