வயது ஒன்று, வலு வேறு

"அவருக்கும் என் வயதுதான். முப்பது நோன்பையும் நோற்கிறார். நான் மட்டும் ஃபித்யா கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பதா?"

கொமரலிங்கத்துப் பெரியவர் ஒருவர் ரமளானில் நம்மிடம் கேட்ட கேள்வி இது. அவர் சொன்ன நண்பர் அமராவதிப் பாசனத்து நெல்வயலில் இன்றும் வரப்பு வெட்டுகிறார். இவரோ திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இரவு பகலாக உழைத்து, சர்க்கரை நோயோடும் மூச்சிரைப்போடும் ஊர் திரும்பியவர். இருவருக்கும் வயது 68. உடலுக்கும் அதே வயதுதானா?

மருத்துவ உலகமும் இன்று இதைத்தான் ஆராய்கிறது. 2013-ல் ஸ்டீவ் ஹார்வத் என்னும் அறிஞர், உயிரணுக்களின் மரபுப் பொருளில் படியும் வேதிக் குறிகளைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறையை வெளியிட்டார். அதன்பின் இத்தகைய அளவைகள் பல வந்தன. ஒரே மனிதருக்கு அவை வெவ்வேறு எண் சொல்வதும் உண்டு. எளிய அளவையும் இருக்கிறது. இந்தியா உட்பட 17 நாடுகளில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், கைப்பிடி வலு குன்றியவர்களுக்கு மரண அபாயம் அதிகம் எனக் கண்டார்கள். நம் நாட்டில் 2017-18-ல், 45 வயது நிரம்பியவர்களும் அவர்தம் துணைவருமாக 72,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்விலும், வயதைக் கேட்டதோடு நில்லாமல் பிடிவலுவையும் நடைவேகத்தையும் அளந்தார்கள்.

இந்த எண்களெல்லாம் பெருங்கூட்டத்தைப் பற்றியவை. தனியொருவரின் அஜலை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

இத்தனை வயதானால் நோன்பை விடலாம் என்று மார்க்கம் கணக்கு வைக்கவில்லை. மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழவும், இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழவும் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அங்கே வயது கேட்கப்படவில்லை. இயலுமா என்பதே பார்க்கப்பட்டது.

ஆகவே பெரியவர்களே, பக்கத்து வீட்டாரின் வலுவைக் கொண்டு உங்கள் கடமையை அளக்காதீர்கள். இறையச்சமுள்ள மருத்துவரைக் கேளுங்கள். குணமாகும் நம்பிக்கை இருந்தால் பிறகு களாச் செய்யுங்கள். இல்லையெனில் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளியுங்கள். அது சலுகையைத் தந்தவனுக்குக் கீழ்ப்படிவது, அதில் வெட்கமென்ன?

பிள்ளைகளே, திடமாயிருக்கும் அத்தாவை "வயதாகிவிட்டது" என்று தடுக்காதீர்கள். தளர்ந்தவரை "இன்னும் வயதாகவில்லையே" என்று குத்திக் காட்டாதீர்கள்.

இயன்றதைச் செய்யவும், இயலாதோரை மதிக்கவும் வல்ல நாயன் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.