ஆண்டான் இல்லாப் பொறியும் வினைப்பயனும்



சென்ற பௌர்ணமியன்று பஞ்சசீலம் ஓதி முடித்தபின், நம் இளைஞருள் ஒருவர் என்னை அணுகி, "ஐயா, எவருக்கும் சொந்தமில்லாத செயற்கை நுண்ணறிவு என ஒன்று உளது. என் கணிப்பொறியை அதில் இணைத்தால் கூலி கிடைக்கும். அதனால் தீங்கு விளைந்தால் அவ்வினை யாரைச் சாரும்? அதற்கு ஆண்டானே இல்லையே!" என வினவினார். அன்று எனக்கு விடை கூற இயலவில்லை. கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இப்போது எழுதுகிறேன்.

முதலில் பொருளை அறிவோம். பிளாக்செயின் என்பது ஒரு கணக்கேடு. அது ஓர் அலுவலகத்தில் மட்டும் இராது. அதன் படி உலகெங்குமுள்ள பல கணிப்பொறிகளில் இருக்கும். ஒவ்வோர் பக்கமும் முந்திய பக்கத்தின் அடையாளத்தைத் தாங்கியிருப்பதால், நடுவில் ஒரு வரியைத் திருத்தினும் பின்னுள்ளவை பொருந்தாமற்போய்க் களவு வெளிப்படும். 2009-இல் பிட்காயின் நாணயத்துடன் நடைமுறைக்கு வந்த இவ்வேட்டைச் செயற்கை நுண்ணறிவுக்கும் இப்போது கையாளுகின்றனர். 2021-இல் தொடங்கிய பிட்டென்சர் என்னும் வலையில், சிலர் தம் பொறிகளைக் கொண்டு வேலை செய்து விடை ஆக்குவர். வேறு சிலர் அவ்விடைகளுக்கு மதிப்பெண் இடுவர். அதற்கேற்ப டாவ் என்னும் நாணயம் கூலியாகப் பகிரப்படும்.

இது நம்மவர் உள்ளத்தை ஈர்ப்பதில் வியப்பில்லை. சென்னை மாகாணத்தில் 1892-ஆம் ஆண்டின் ஆணையால் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களுட் பல பின்னர்ப் பிறர் கைக்குப் போயின. ஏட்டை எழுதும் கை எவர் பக்கமோ, நிலமும் அவர் பக்கமாயிற்று. எவரும் அழிக்கவியலாத ஏடு என்றால் நம் நெஞ்சு குளிராதா?

நிற்க. ஆண்டான் இல்லை என்பது மெய்யா? பிட்டென்சரில் மதிப்பிடுவோர் சொல்லுக்குரிய எடை, அவர் பிணையாக வைத்துள்ள நாணயத்தின் அளவைப் பொறுத்தது. மிகுதியாக உடையவன் சொல்லே மிகுதியாகச் செல்லும். 2024 ஜூலையில், தீய மென்பொருள் ஒன்றின் வழியே சுமார் 80 லட்சம் டாலர் மதிப்புள்ள நாணயம் களவு போனபோது, வலையை நடத்துவோர் பரிமாற்றங்கள் அனைத்தையும் நிறுத்தினர். களவைத் தடுக்க அது வேண்டியதே. ஆயினும் நிறுத்தவல்ல கை ஒன்று உண்டென்பது அன்று புலனாயிற்று. மேலும், விடை ஆக்கும் வேலை ஏட்டுக்கு வெளியே நடக்கிறது. எவர்க்கு எத்துணைக் கூலி என்பதை ஏடு சாற்றும். அவ்விடையால் எவர் குடி கெட்டது என்பதைச் சாற்றாது.

நான் நூற்பாலையில் வேலை செய்த காலத்தில், கார்டிங் பொறியொன்று மூடியின்றி ஓடியதால் தோழர் ஒருவர் மூன்று விரல்களை இழந்தார். கழற்றியவர் பிட்டர் என்றார் மேஸ்திரி. ஓட்டச் சொன்னவர் மேஸ்திரி என்றார் பிட்டர். உற்பத்தி குறையலாகாதென மேலிடத்து உத்தரவு என்றார் சூபர்வைசர். மூடியில்லாதது இரண்டு நாளாக எனக்கும் தெரியும். நானும் வாய் திறந்திலேன். குற்றத்தைப் பலர் கூறுபோட்டதில் அது ஒருவரிடத்தும் இல்லாமற் போயிற்று. விரல்கள் மட்டும் திரும்பவில்லை.

ஆன்மா இல்லையெனப் பகவன் புத்தர் போதித்தார். ஆதலின் வினைக்குப் பொறுப்பாளியும் இல்லையென்று கூறினாரா? இல்லை. எண்ணமே வினை என்றார். பொறிக்கு எண்ணம் இல்லை. ஆகவே வினை பொறியைச் சாராது. விதியை எழுதியவர், பொறியை ஓட்டியவர், மதிப்பெண் இட்டவர், ஆதாயம் பெற்றவர் ஆகிய ஒவ்வொருவரிடத்தும் எழுந்த எண்ணத்துக்கு ஏற்ப வினை நிற்கும். அறிந்து செய்தது வினை. அறியக்கூடியதை அறிய மறுத்ததும் வினையே. பலர் பங்கிட்டால் குறைவதற்கு அது கடன் அன்று.

ஆண்டான் இல்லா அமைப்பு நமக்குப் புதிதன்று. பகவன் தமக்குப் பின் ஒரு தலைவரை நியமித்திலர். தம்மமும் விநயமுமே ஆசான் என விட்டுச் சென்றார். கருத்து வேறுபட்டவிடத்துப் பிக்குகள் குச்சிகளால் வாக்கெடுத்தனர். பார்லிமெண்டு நடைமுறைகளைப் பிக்கு சங்கங்கள் அறிந்திருந்தன என்பதை 1949 நவம்பர் 25-இல் அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் அம்பேத்கர் எடுத்துக்காட்டினார். அங்கே எவர் வாக்கும் உடைமையால் எடை பெறவில்லை. பிக்குவின் உடைமை சீவரம், திருவோடு முதலிய சிலவே. உபோசத நாள்தோறும் குற்றமுடையவர் தம் குற்றத்தைத் தாமே வெளிப்படுத்தினர். ஆண்டான் இல்லாமை அங்கே ஒளிந்துகொள்ளும் இடமாக இருந்ததில்லை.

ஆதலின், இளைஞரே, என் விடை இது. உம் பொறி எவ்வேலையைச் செய்கிறது, அதன் பயன் எங்குச் செல்கிறது என நீர் அறியக்கூடுமாயின், அது எவ்வுயிர்க்கும் கேடன்றெனின், இணைந்து கூலி பெறும். அது நல்வாழ்வுக்கு மாறன்று. அறிய வழியில்லையெனின் விலகி நில்லும். ஐயம் எழுமாயின் ஒன்று செய்யும்: அடுத்த பௌர்ணமியில் நம் நடுவே எழுந்து நின்று, "இது என் கை செய்த வேலை" எனக் கூசாமல் கூற முடியுமா என உம்மையே கேளும். கூற முடியாத வேலையை எந்த ஏட்டில் எழுதி வைத்தும் பயனில்லை.