வாயிலில் காத்திருக்கும் உயிர்

இல்வாழ்வின் இன்பங்களைக் கணக்கெடுக்க முற்பட்டால், அவற்றுள் பெரும்பாலானவை சொல்லில் அகப்படாத அளவுக்குச் சிறியனவாக இருக்கக் காண்கிறோம். பணி முடிந்து, பேருந்து நெரிசலில் நசுங்கி வீடு திரும்பும் மாலையில் மாடிப்படியின் முதல் திருப்பத்திலேயே மூக்கை எட்டும் இரசத்தின் பெருங்காய மணம். ஊரிலிருந்து வந்தவர் யாரோ கொணர்ந்து தந்த காப்பித்தூளில் வெந்நீர் ஊற்றிவிட்டு, அது சொட்டுச் சொட்டாக இறங்கும் வரை பொறுத்திருத்தல். தில்லிக் குளிர்காலத்து ஞாயிறு நண்பகலில் மொட்டை மாடியில் பாய் விரித்து, வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, வறுத்த வேர்க்கடலையை உடைத்துத் தின்றவாறு அண்டை வீட்டாருடன் இரு மொழியும் கலந்து உரையாடுதல். இவற்றை யாரும் காவியமாக்குவதில்லை. ஆயினும் நோயுற்று மருத்துவமனையில் கிடக்கும்போது மனம் ஏங்குவது இவற்றுக்காகத்தான். பதவி உயர்வுக்காக அன்று.

இவை அனைத்துக்கும் அடியில் மற்றொன்று உண்டு. நம் வரவை எதிர்நோக்கி வீட்டினுள் ஓர் உயிர் இருக்கிறது என்னும் நினைவே அது. கரோல்பாக்கில் அறை எடுத்துத் தங்கி, உணவு விடுதியில் உண்டு, தம் கையாலேயே பூட்டித் தம் கையாலேயே திறந்த அறைக்குள் நாள்தோறும் நுழைந்த தனிமைக் காலத்தை நம்முள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். திறந்ததும் நம்மை எதிர்கொண்டது காலையில் விட்டுச் சென்ற அதே காற்று. பின்னாளில் வீடு வீடாயிற்று என்றால், கதவுக்கு அப்பால் ஒரு காலடியோசை எழத் தொடங்கியது என்பதே அதன் பொருள்.

எங்கள் வீட்டில் அவ்வோசையை முதலில் எழுப்புவது ஒரு நாய். ஒரு சனவரி மாதத்து மூடுபனியில், குடியிருப்பின் காவற்காரர் கட்டிவிட்ட சாக்குச் சட்டையுடன் படிக்கட்டின் அடியில் ஒடுங்கிக் கிடந்த தெருக்குட்டி அது. குழந்தைகள் மேலே கொண்டுவந்தார்கள். 'ஓர் இரவு மட்டும்' என்று இசைந்தோம். ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நாங்கள் இட்ட பெயர் கறுப்பன். கீழ்வீட்டுப் பஞ்சாபியர் அதனைக் 'காலூ' என்பர். இரு பெயருக்கும் வாலாட்டும். மொழிச் சிக்கலை இத்துணை எளிதாகத் தீர்த்துக்கொண்டவர் எங்கள் குடும்பத்தில் வேறெவரும் இலர்.

மாலை ஆறரை மணிக்கு அது கதவருகே சென்று அமர்ந்துவிடும். பேருந்து தாமதமானாலும் அவ்விடத்தை விட்டு அகலாது. அதனை அன்பு என்றும் நன்றி என்றும் போற்றி மகிழ்ந்தோம். அந்தக் காத்திருப்பு நமக்கு இன்பம். காத்திருக்கும் உயிருக்கு அது யாது? இவ்வினாவை நெடுங்காலம் நாங்கள் எழுப்பிக்கொண்டதில்லை. எழுப்பியது ஒரு விடுமுறைப் பயணம்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் பத்து நாள் விடுப்பு வாய்த்தது. ஆண்டுதோறும் விடுப்பு என்றால் கும்பகோணத்தை அடுத்த எங்கள் சிற்றூர்தான். அங்கே அன்னையார் தனியே இருக்கிறார். அவ்வாண்டு குழந்தைகள் அந்தமானைக் காண விழைந்தனர். நமக்கும் ஆசை இல்லாமல் இல்லை. சென்னை வரை தொடர்வண்டி, அங்கிருந்து வானூர்தி என முடிவாயிற்று. தொலைபேசியில் தெரிவித்தபோது, "குழந்தைகள் கடலைப் பார்க்கட்டும், நான் எங்கே போகப் போகிறேன்" என்றார் அன்னையார். அவர் சொல்லில் குறை ஏதும் இருக்கவில்லை. குறை இருந்திருந்தால் ஒருவேளை விடை சொல்ல எளிதாக இருந்திருக்கும்.

புறப்பட்ட மாலை, வழியனுப்ப அவர் மீண்டும் அழைத்தார். மூட்டை கட்டும் பரபரப்பில் தொலைபேசியை ஒலிபெருக்கியில் இட்டு முக்காலியின் மேல் வைத்திருந்தோம். இளைய மகள் வாயிலில் மண்டியிட்டு, கறுப்பனின் முகத்தை இரு கைகளிலும் ஏந்தி, "அழாதே, பத்து நாளில் வந்துவிடுவோம்" என்று தேற்றிக்கொண்டிருந்தாள். முக்காலியிலிருந்து குரல் வந்தது: "எப்போது கண்ணு? இங்கேயா வருகிறீர்கள்?"

அச்சொல் அவருக்கு உரியதன்று, நாய்க்குக் கூறியது என்பதை நாம்தான் விளக்க வேண்டியதாயிற்று. அவர் சிரித்தார். நாமும் சிரித்தோம்.

இரண்டு ஆயிரம் ஆண்டு அளவுக்குத் தொன்மையுடைய நம் பத்துப்பாட்டில் முல்லைப்பாட்டு மிகச் சிறியது. 103 அடிகள் கொண்டது. போர்மேற் சென்ற தலைவன் மீண்டு வருவானோ என மாலைப்பொழுதில் தலைவி கலங்கியிருக்கிறாள். நற்சொல் கேட்பதற்காக முதுபெண்டிர் ஊர்ப்புறம் செல்கின்றனர். அங்கே சிறு கயிற்றில் கட்டுண்ட பச்சிளங்கன்று ஒன்று தாய்ப்பசுவுக்காகத் துடிக்கிறது. குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆயர்மகள் ஒருத்தி, உன் தாயர் இப்போதே வந்துவிடுவர் என்று அக்கன்றைத் தேற்றுகிறாள். அச்சொல்லைக் கேட்ட முதுபெண்டிர் அதனையே நற்சொல்லாகக் கொண்டு தலைவியிடம் ஓடுகின்றனர். கல்லூரியில் பயின்றபோது இதனை நிமித்தம் பார்க்கும் வழக்கத்துக்குச் சான்று என்று குறிப்பெழுதி மதிப்பெண் பெற்றோம். கன்றுக்கு அச்சொல் விளங்கியதா என்று ஆசிரியரும் கேட்கவில்லை, நாமும் எண்ணவில்லை. விளங்காத உயிருக்குக் கூறிய ஆறுதல், விளங்கும் மற்றொரு நெஞ்சிற்போய்த் தைத்தது என்பதை எங்கள் வீட்டு முக்காலி கற்பித்தது.

வண்டி விதிஷாவைக் கடந்து போபாலை எட்டுவதற்குமுன் கடகக் கோட்டைத் தாண்டுகிறது. வெப்ப மண்டலம் அங்கே தொடங்குகிறது என்று மூத்த மகன் பாடநூல் அறிவோடு அறிவித்தான். தெற்கே செல்லச் செல்லக் கம்பளிகள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போயின. வழக்கமாக அந்த வெப்பம் நமக்கு ஊரின் வெப்பம். இம்முறை அது சுற்றுலாவின் வெப்பம். சென்னையில் இறங்கி, ஓர் இரவுப் பயணத் தொலைவிலிருந்த ஊருக்குப் போகாமல் வானூர்தி நிலையம் சென்றோம். இதுகாறும் அவ்வாறு நாங்கள் செய்ததில்லை.

அந்தமான் அழகுதான், அதனை மறைப்பது நன்றியின்மை. சுயராச்சியத் தீவின் இராதாநகர்க் கடற்கரையில் வெண்மணலும் நீலநீரும் நெடுமரங்களும் ஒருங்கு நிற்கக் கண்டு வாயடைத்து நின்றோம். அப்போது போர்ட் பிளேர் என வழங்கி, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய நகரின் கடைத்தெருவில் தமிழ் கேட்டது. இளநீர் வெட்டித் தந்தவர் எந்த ஊர் என்று வினவினார். சிறைச்சாலைக் கூடத்தில் குழந்தைகள் பேச்சற்றுப் போயினர்.

ஆனால் நம் நெஞ்சில் நின்றது வேறோர் இடம். முன்பு ராஸ் தீவு எனப்பட்டு, 2018-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் பெற்ற சிறுதீவு அது. ஆங்கிலேயரின் ஆட்சித் தலைமையிடமாக விளங்கி, 1941-இன் நிலநடுக்கத்துக்கும் மறு ஆண்டு சப்பானியர் வரவுக்கும் பின் கைவிடப்பட்டது. மாளிகைச் சுவர்களை ஆலம்விழுதுகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அவ்விடிபாடுகளினூடே புள்ளிமான்கள் உலவுகின்றன. அவை இம்மண்ணுக்கு உரியவை அல்ல. வெள்ளையர் தம் பொழுதுபோக்குக்கெனக் கொண்டுவந்த மான்களின் வழித்தோன்றல்கள். கொணர்ந்தவர் கப்பலேறிப் போயினர், மான்கள் தங்கிவிட்டன. படகு வந்து நின்றதும் அவை ஓடி ஒளியவில்லை. எதிர்கொண்டு வந்து, எங்கள் கைகளை முகர்ந்து பார்த்தன.

நடு அந்தமானுக்கு மேற்கே இன்டர்வியூ தீவு என்று ஒன்று உண்டு. மரம் இழுப்பதற்காக யானைகளை அங்கே கொண்டுசென்ற ஒரு நிறுவனம் நொடித்துத் தொழிலை மூடியபோது, 1962-இல், ஏறத்தாழ 40 யானைகளைக் காட்டிலேயே விட்டுப் போயிற்று. பாகனின் ஒரு சொல்லுக்கு மண்டியிட்டவை காட்டு யானைகளாயின. விடுதலை பெற்றன என்று மகிழ்வோரும் உளர். இருக்கலாம். ஆயினும் முதல் சில வைகறைகளில், வழக்கமான குரலுக்காக அவை செவி சாய்த்து நின்றிருக்கும் அல்லவா?

வளர்ப்பு உயிரை வருத்துவதைத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் 1960-இல் நிறைவேறியது. அதற்கு வித்திட்டவர் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொணர்ந்து வாதாடிய கலாக்ஷேத்திரத்து ருக்மிணி தேவி அருண்டேல் என்பது தமிழர் நினைவுகூரத் தக்கது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது அச்சட்டப்படி குற்றம். நாங்கள் குற்றவாளிகள் அல்லர். கீழ்வீட்டு அம்மையாரிடம் அரிசியும் பாலுக்குப் பணமும் தந்தே சென்றோம். அவரும் தம் பிள்ளையைப் போலவே பார்த்துக்கொண்டார். ஆனால் அது நான்கு நாள் உண்ணவில்லையாம். மாலையில் படியேறி வந்து, பூட்டிய எங்கள் கதவின்முன் அமர்ந்துவிடுமாம். பசிக்கும் தாகத்துக்கும் சட்டம் உண்டு. காத்திருப்புக்கு அது எவ்வாறு விதி எழுதும்?

சப்பான் நாட்டில் ஹாச்சிகோ என்ற நாய், 1925-இல் இறந்துபோன தன் பேராசிரியரின் வரவை நோக்கி ஷிபுயா புகைவண்டி நிலையத்துக்கு 1935-இல் தான் சாகும்வரை வந்தது. அதற்குச் சிலை எடுத்தார்கள். நன்றிக்கு இலக்கணம் என்று பள்ளிகளில் கற்பிக்கிறார்கள். நாமும் அவ்வாறே கண்ணீர் மல்கப் படித்தோம். இப்பொழுது அக்கதை வேறுவிதமாகத் தோன்றுகிறது. அவர் வரமாட்டார் என்று அதனிடம் சொல்ல மனித குலத்தில் எவர்க்கும் மொழி இல்லை. அதன் பெருமை என்று நாம் கொண்டாடுவதில் பாதி, நம் ஊமைத்தன்மை.

அப்படியாயின் உயிர்களைப் பழக்காமலே இருப்பது அறமாகாதோ என்று கேட்கலாம். இக்கேள்விக்கு நம் மரபில் பழைய கதை ஒன்று துணை நிற்கிறது. அரசைத் துறந்து கண்டகி ஆற்றங்கரையில் தவமிருந்த பரதர், தாயிழந்து நீரில் மிதந்த மான்கன்றைக் காத்து வளர்த்தார். பற்று முற்றி, இறுதி நொடியிலும் மானையே நினைந்து, மானாகப் பிறந்தார். அன்பே தளை என்று உரையாசிரியர்கள் விளக்குவர். மறுபுறம் தருமனின் கதை: விண்ணுலகின் வாயிலில் தேருடன் வந்த இந்திரன், நாயை விட்டுவிட்டு ஏறு என்கிறான். நம்பி வந்ததைக் கைவிட்டுப் பெறும் துறக்கம் வேண்டா என நிற்கிறான் தருமன். ஒருவருக்கு விலங்கு வீழ்ச்சி, மற்றவர்க்கு விலங்கே அறத்தின் உரைகல். இரண்டையும் ஒரே பாட்டியிடம்தான் நாம் கேட்டோம். முரண் என்று அவருக்குத் தோன்றியதில்லை.

நமக்குத் தோன்றுவது இது. பரதரின் கதையில் காத்திருப்பவர் பரதர். மான் மேயப் போய்த் திரும்பவில்லையென்றால் தவிப்பவர் அவர். துன்பம் அவருடைய உடைமையைப் பற்றியது. தருமனோ அந்த நாயை அழைக்கவும் இல்லை, வளர்க்கவும் இல்லை. அது தானே பின்தொடர்ந்தது. ஆயினும் மலையேறிய வழியெல்லாம் அவன் முதுகை நம்பி அது நடந்துவிட்டது. நாம் எவ்வளவு விரும்பினோம் என்பதிலிருந்து கடமை பிறப்பதில்லை. நம்மை எவ்வளவு நம்பிவிட்டார்கள் என்பதிலிருந்தே பிறக்கிறது. ஓர் இரவு மட்டும் என்று நாங்கள் கறுப்பனிடம் செய்துகொண்ட உடன்பாட்டை அது படித்துக் கையொப்பமிடவில்லை.

இதனை ஒப்புக்கொண்டால், புலம்பெயர்ந்து வாழும் நமக்கு வசதியாக இராது. நாய்க்குச் சொல்ல இயலவில்லை என்று வருந்துகிறோம். சொல்ல இயன்றவர்களுக்கு என்ன சொல்லிவருகிறோம்? 'அடுத்த விடுமுறைக்கு' என்பதை அன்னையார் முழுமையாக விளங்கிக்கொள்கிறார். விளங்கிக்கொள்பவர் என்பதனாலேயே அவரிடம் கடன் சொல்லுதல் எளிதாகிவிடுகிறது. பாதுகாப்பாக இருக்கிறார், மருந்து இருக்கிறது, திங்கள்தோறும் பணம் போகிறது. கீழ்வீட்டு அம்மையாரிடம் அரிசியும் பாலுக்குப் பணமும் தந்துவிட்டுப் போனதற்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை எடுத்துரைக்க முயன்று, முடியாமல் நிறுத்திக்கொண்டோம். பிழைப்புக்காக வந்தவர்கள் நாம். வந்தது குற்றமன்று, அந்தமான் சென்றதும் குற்றமன்று. கடற்கரையில் குழந்தைகள் சிரித்த சிரிப்பை எவ்விதக் கழிவிரக்கத்துக்காகவும் திருப்பித்தர நாம் ஆயத்தமாக இல்லை. இன்பம் தூயதாக இருந்தால்தான் நுகர்வோம் என்று நின்றால் ஒரு குவளை காப்பியும் அருந்த முடியாது. ஆனால் யாருடைய காத்திருப்பின்மீது விரித்த பாயில் அமர்ந்திருக்கிறோம் என்பதை அறிந்துகொண்டு அமர்வது வேறு. அறியாமல் அமர்வது வேறு.

திரும்பி வந்த இரவில் கறுப்பன் கூத்தாடவில்லை. எங்களை ஒவ்வொருவராக முகர்ந்தது; பெட்டிகளை நெடுநேரம் முகர்ந்தது. பிறகு பெரிய பெட்டியின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. இன்றும் பரண்மேலிருந்து பெட்டியை இறக்கினால் வந்து அதன்மேல் படுத்துவிடுகிறது.

வருகின்ற கோடையில் ஊருக்குப் போவது உறுதியாகியிருக்கிறது. கறுப்பனை என்செய்வது என்பதே இப்போது வழக்கு. தொடர்வண்டியில் நாய்க்குக் காவலர் பெட்டியில் கூண்டு உண்டு. மே மாத வெயிலில், இரும்புக் கூண்டில், இத்தனை தொலைவா என்று மனைவி அஞ்சுகிறார். முதல் வகுப்புக் குளிர்பதனப் பெட்டியில் தனியறை எடுத்தால் உடன் கொண்டுசெல்லலாம். அதற்கான தொகையைக் கணக்கிட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறோம். அன்னையாரிடம் இன்னும் எதையும் முடிவாகச் சொல்லவில்லை. ஆனால் இளையவள் சொல்லிவிட்டாள் போலும். சென்ற ஞாயிறன்று அழைத்தபோது அவர் விசாரித்தது, கொல்லைப்புறத்துப் பழைய மாட்டுத் தொழுவத்தைப் பெருக்கி வைத்தால் போதுமா, அல்லது அது கட்டிலில்தான் படுக்குமா என்று.