குடுவையும் காடும்

அழிந்துவரும் ஓர் உயிரை மனிதன் தன் அறிவினால் பெருக்கிவிட்டால், அதைக் காக்கும் கடமை அத்துடன் தீர்ந்துவிடுமா? ஆர்க்கிட் செடிகளை முன்னிட்டு இவ்வினாவை ஆராய விரும்புகிறோம். கூலியும் குடியிருப்பும் பேசவேண்டிய ஏட்டில் பூச்செடிக்கு இடமேது என்று சிலர் கேட்கலாம். பொறுமையுடன் படிப்பாராயின், இரண்டும் ஒரே நீதியைச் சார்ந்தவை என்பதைக் காண்பர்.

சபாவின் கினபாலு மலைப்புறத்தில் மட்டுமே இயற்கையாய் வளர்வது ரோத்ஸ்சைல்ட் ஆர்க்கிட். 1888-இல் தாவர நூலார் அதற்குப் பெயரிட்டனர். அதன் அழகே அதற்குப் பகையாயிற்று. செடி பிடுங்குவோர் காட்டை வறிதாக்கினர்.

இவ்விடத்தில் விஞ்ஞானம் கைகொடுத்தது. ஆர்க்கிட் விதை தூசி போன்றது, தன்னுள் உணவற்றது, காட்டில் ஒருவகைப் பூஞ்சை ஊட்டினாலன்றி வளராது. 1922-இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் நுட்சன், பூஞ்சையின்றியே, சர்க்கரை கலந்த அகார்க் கூழில் அவ்விதையைக் குடுவைக்குள் முளைப்பித்தார். 1960-இல் பிரான்சு நாட்டு ஜார்ஜ் மொரெல், குருத்து நுனியின் சிறு துணுக்கிலிருந்தே ஆர்க்கிட்டைப் பெருக்கும் வழியைக் காட்டினார். இன்று ரோத்ஸ்சைல்ட் ஆர்க்கிட்டும் குடுவையில் விதையிலிருந்து வளர்க்கப்பட்டு விற்கப்படுகிறது. விரும்புவோர்க்குச் செடி கிடைக்கிறது. திருடுவோர்க்குச் சாக்கு ஒழிகிறது. இந்நன்மையை மறுப்பது அறிவீனம்.

ஆயினும், பெருக்கல் வேறு, காத்தல் வேறு. ரப்பர்த் தோட்டத்தில் பழகியோர் இதை எளிதில் உணர்வர். ஒட்டுக்கட்டிய மரங்கள் ஆயிரமாயினும் அவை ஒரு தாய்மரத்தின் உடலே. பால் பெறுவோர்க்கு அவ்வொருமை இலாபம். நோய் வந்தால் அதுவே நாசம். குருத்துத் துணுக்கிலிருந்து பெருக்கும் ஆர்க்கிட்டும் அத்தகையதே. அன்றியும், ரோத்ஸ்சைல்ட் மலரின் ஓர் உறுப்பை அசுவினிக் கூட்டமென மயங்கி முட்டையிட வரும் ஈயே அதன் மகரந்தத்தைச் சுமக்கிறது. குடுவையில் அந்த ஈ ஏது? பூஞ்சை ஏது?

கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறியபோது, லயங்களைவிட்டு அகற்றப்பட்ட குடும்பங்கள் சிலவற்றுக்கு அடுக்குமாடியில் அறை கிடைத்தது. ஆள் பிழைத்தான், கோயிலும், பள்ளியும், கறவை மாடும், அண்டை வீட்டார் உறவும் சிதறின. ‘வீடு கொடுத்தாயிற்று’ என்று கணக்கை முடிப்போர் வாதமும், ‘செடி குடுவையில் இருக்கிறது’ என்று காட்டை வெட்டுவோர் வாதமும் ஒன்றே. உயிர் என்பது உடல் மட்டுமன்று. அது வாழும் உறவுமாகும்.

அப்படியாயின் குடுவையை உடைத்துவிடலாமா? கூடாது, அதற்கு உரிய இடத்தை அளித்தல் வேண்டும். சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தார் 1995 முதல் அந்நாட்டு ஆர்க்கிட்களைக் குடுவையில் வளர்த்துப் பூங்காக்களிலும் சாலை மரங்களிலும் மீண்டும் ஏற்றி வருகின்றனர். நமக்கு அண்மையிலேயே, ஈயம் தோண்டிக் கெட்ட கெப்போங் நிலத்தில் 1920-களில் நடத்தொடங்கிய காடு இன்று ஓங்கி நிற்கிறது. 2025-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுடைமையாக ஏற்றது. நிலத்தை விட்டுவைத்தால் காடும் மீளும் என்பதற்கு அது சான்று. ஆனால் அதற்கு ஒரு மனிதனின் ஆயுள் வேண்டியிருந்தது.

ஆகவே, ஆர்க்கிட் வாங்குவோர் அது பண்ணையில் வளர்ந்ததா, காட்டில் பிடுங்கியதா என்று கேட்பாராக. குடுவையைக் காட்டிக் காட்டை அழிப்போரை, ‘இச்செடி திரும்பிச் செல்லும் இடம் எது?’ என்று கேட்பாராக. விடை இல்லையெனில், அங்கே நடப்பது காத்தலன்று.